பத்தொன்பது சீட்டு

நாம் ஷெக் வான் என்ற கடலோர ஊரின் மினிபஸ் கடைசி நிறுத்தத்தில், மோக் லாய் குவான் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருக்கும் இடத்திலிருந்து மூன்று விஷயங்கள் தெரியும். கடல், மலைப்பாதை வந்து இறங்கும் சிமெண்ட் படிக்கட்டு, பொதுக் கழிப்பறை. வருகிறவர்கள் எல்லாரும் கடலைத்தான் படம் எடுப்பார்கள். குவானின் மூக்குக்கு நேர் எதிரே இருந்தது கழிப்பறை.

அவள் அந்த நிறுத்தத்தில் வரிசை பார்க்கிறவள். கம்பெனி கொடுத்தது ஒரு பெரிய குடை, ஒரு விசில், டிரைவர்களோடு பேச ஒரு வாக்கி டாக்கி. ஸ்டூல் அவளுடையது. இருபது நிமிடத்துக்கு ஒரு வண்டி வரும். வண்டியில் பத்தொன்பது சீட்டு. நின்றுகொண்டு போகச் சட்டம் விடாது. இருபதாவது ஆள் அழுதாலும் புரண்டாலும் அடுத்த வண்டிதான். பத்தொன்பது தலையை எண்ணி ஏற்றுவதும், மிச்சம் நிற்கிற கூட்டம் ஒருவரையொருவர் கடித்துக் குதறாமல் பார்த்துக்கொள்வதும் அவள் வேலை. ஐம்பத்தொன்பது வயதாகிறது. ஏழு வருஷமாக இதைத்தான் செய்கிறாள்.

முன்பெல்லாம் ஞாயிற்றுக்கிழமை என்றால் முப்பது பேர் வந்தாலே அதிகம். பையில் ஒரு தெர்மாஸ், கழுத்தில் ஒரு துண்டு, வாயைத் திறக்காத கிழவர்கள். நோய் வந்து விமானங்கள் நின்றதும் ஊரே மலைக்குக் கிளம்பிவிட்டது. ஜப்பானுக்கும் தாய்லாந்துக்கும் போக முடியாத ஜனம், ரயிலேறி டாய் போ டவுனில் இறங்கி, மினிபஸ் பிடித்து இங்கே வந்து விழுந்தது. எவனோ ஒருத்தன் ‘கார் இல்லாமலே போகக்கூடிய பத்து மலைப்பாதைகள்’ என்று போனில் படம் பிடித்துப் போட்டிருந்தான். அதில் நாலாவது நாம் ஷெக் வான். அவன் காலில் கட்டி வர, என்று குவான் தினமும் காலையில் ஒரு தடவை சபிப்பாள். அதற்கப்புறம்தான் டீ குடிப்பாள்.

அவளைச் சொல்லிக் குற்றமில்லை. அந்தக் கண்றாவியை ஒருநாள் பார்த்தால் யாருக்கும் குமட்டும். படிக்கட்டில் இறங்கி வருகிறவன் முதலில் நேரே கழிப்பறைக்குப் போவான். கை கழுவும் தொட்டியில் காலைத் தூக்கி வைத்து, பூட்ஸில் ஒட்டிய சேறு, மாட்டுச் சாணி எல்லாவற்றையும் தேய்த்துக் கழுவுவான். தொட்டி அடைத்துக்கொண்டு பழுப்புத் தண்ணீர் வாசல்வரை வழியும். அடுத்து வருகிறவன் அதிலேயே மிதித்து, அதே காலோடு வரிசையில் நிற்பான்.

“சீ! கை கழுவுற தொட்டியில பூட்ஸக் கழுவுறியே, வீட்டுல சோத்துப் பானையிலயும் இதத்தான் செய்வியா?” என்று குவான் கத்துவாள்.

“அழுக்கா பஸ்ல ஏறக் கூடாதுன்னுதான் அக்கா,” என்பான் அவன், ஏதோ அவளுக்கு உபகாரம் செய்கிறவன் மாதிரி.

இன்னொருத்தி, வாழைப்பழம் தின்று தோலை மதில்மேல் அழகாக விரித்து வைத்துவிட்டுப் போவாள். கேட்டால் பதில் தயாராக இருக்கும். “தோல்தானே அக்கா? மண்ணோட மண்ணாப் போயிடும்.”

“நீயுந்தான் ஒருநாள் மண்ணோட மண்ணாப் போவ. அதுக்காக உன்ன இங்கயே போட்டுட்டுப் போவாங்களா? எடுடி!”

எடுப்பார்கள். குவான் முறைத்தால் எடுக்காத ஆள் கிடையாது. ஆனால் படிக்கட்டுக்கு மேலே அவள் கண் எட்டாத காட்டில், ஒவ்வொரு புதருக்குப் பின்னாலும் ஈரத்தாள் வெள்ளை வெள்ளையாகப் பூத்துக் கிடந்தது. முகமூடிகள் கிளைகளில் தொங்கின. அதையெல்லாம்விட அவளுக்குப் பொறுக்காதது அவள் மாமனார் சமாதியில் நடந்தது. மலைச்சரிவில் கடலைப் பார்த்துக் கட்டிய சமாதி; முன்னால் அரைவட்டமாகச் சிமெண்ட் திண்டு. நடந்து களைத்தவனுக்குக் கட்டி வைத்த பெஞ்சு மாதிரி இருக்கிறதா, அதில் வரிசையாக உட்கார்ந்து அடுப்பு மூட்டி நூடுல்ஸ் கொதிக்க வைத்திருக்கிறார்கள். ஊதுபத்தி செருகும் சட்டியில் பன்றி இறைச்சி டின்னின் எண்ணெயைக் கவிழ்த்திருக்கிறார்கள். குவானும் அவள் புருஷனும் முழங்கால் போட்டு அதைத் துடைத்தார்கள். மூன்று நாளைக்கு அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

அப்படிப்பட்டவர்களுக்காக அவள் ஒரு சட்டம் போட்டாள் என்பதுதான் ஊரில் யாருக்கும் புரியாத விஷயம்.

குவானின் ஊர் வூ டாவ் டின். மினிபஸ் வழியில் பாதியில் இருக்கிறது. கடைசி நிறுத்தத்திலிருந்து பத்துப் பன்னிரண்டு நிமிடம். ஞாயிற்றுக்கிழமைகளில் நாம் ஷெக் வானிலேயே பத்தொன்பது சீட்டும் நிரம்பிவிடுவதால், டவுனுக்குப் போக நிற்கும் வூ டாவ் டின்காரர்கள் கையை ஆட்டி ஆட்டித் தோள் வலித்ததுதான் மிச்சம். டிரைவர் ‘நிறைந்தது’ பலகையைக் காட்டிவிட்டுப் போய்விடுவான். அதற்கு ஊர்க்காரர்கள் ஒரு வழி வைத்திருந்தார்கள். டவுனுக்குப் போக வேண்டுமானால், முதலில் எதிர்த்திசை வண்டியில் ஏறுவது. மேலே நாம் ஷெக் வான் வரை போய், இறங்காமல் அப்படியே உட்கார்ந்திருந்து, அதே வண்டியில் கீழே வருவது. திரும்பு வண்டி என்று பெயர். பாதிவழி ஊர்க்காரர்கள் எல்லாரும் செய்கிறதுதான். பிறந்ததிலிருந்து பார்த்த பழக்கம்.

வரிசையில் ஒன்றரை மணி நேரமாக நிற்கிறவனுக்கு அது எப்படி இருக்கும்? காலியாக வர வேண்டிய வண்டியில் ஏழெட்டுக் கிழவிகள் கூடையோடு உட்கார்ந்திருந்தால்? அக்டோபரில் ஒருநாள் பெரிய ரகளையாகிவிட்டது. குவானின் பக்கத்து வீட்டு ஃபூக் சிம்மும் இன்னும் நாலு பேரும் சீட்டைவிட்டு எழ மாட்டேன் என்றார்கள். மலையேறிவிட்டு வரிசையில் நின்ற மலைக்காரர்கள் கதவை மறித்துக்கொண்டார்கள். பத்துப் போன் உயர்ந்தது. சாயங்காலத்துக்குள் ‘கிராமத்துக் கிழவிகளின் அடாவடி’ என்று ஊரெல்லாம் பார்த்துச் சிரித்தது.

மறுநாள் குவானே ஒரு அட்டையை எடுத்து, தடித்த பேனாவால் எழுதிக் குடைக்கம்பத்தில் கட்டினாள். ‘வருகிற வண்டியிலிருந்து எல்லாரும் இறங்கவும். திரும்பிப் போகிறவர்கள் வரிசைக் கடைசியில் நிற்கவும். யாருக்கும் விலக்கில்லை.’

அன்றைக்கே ஃபூக் சிம் அவள் வீட்டு வாசலில் வந்து நின்றாள். “ஏண்டி, உன் மாமனார் சமாதியில எண்ணெய ஊத்துனவனுங்களுக்காக எங்கள இறக்கி விடுறியா?”

“நாத்தம் புடிச்சவன்தான். இல்லங்கல. ஆனா அவனும் ஒன்றரை மணி நேரமா நிக்கிறான்ல?”

“நின்னா நிக்கட்டும்! அவன் வேலைவெட்டி இல்லாம வர்றான். நான் மருந்து வாங்கப் போறேன்.”

“மருந்த சனிக்கிழமையே வாங்கு,” என்றாள் குவான்.

அதோடு பேச்சு நின்றது. புது வருஷத்துக்கு முள்ளங்கி கேக் அந்த வீட்டிலிருந்து வரவில்லை. குவானுக்கு வருத்தம்தான், ஆனால் அசையவில்லை. அந்தக் கூட்டத்தைப் பார்த்தாலே அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். அவர்கள் நிற்கும் வரிசையைப் பார்த்தால் மட்டும் ஒரு மரியாதை வரும். இவ்வளவு அசிங்கம் பிடித்த ஜனம் ஒருத்தன் பின்னால் ஒருத்தன் ஒழுங்காக நிற்கிறதே, அது ஒன்றாவது மிஞ்சட்டும் என்று நினைத்தாள். அதைக் கட்டி மேய்க்கிறவள் தான் என்பதில் கொஞ்சம் பெருமையும் இருந்தது, சொல்லாமல் என்ன.

மார்ச் மாதம் மூன்றாம் ஞாயிறு, அவளுடைய ஒரே மகன் சுன் ஹே, பெண்டாட்டியையும் நாலு வயது மகளையும் கூட்டிக்கொண்டு இங்கிலாந்துக்குக் கிளம்பினான். சுற்றிப் பார்க்கப் போகவில்லை. மான்செஸ்டரில் வீடு பார்த்து, இங்கே இருந்ததையெல்லாம் விற்றுவிட்டு, ஒரேயடியாகப் போகிறான். திரும்ப எப்போது பார்க்க முடியும் என்று யாராலும் சொல்ல முடியாத காலம் அது. குவான் சனிக்கிழமையே டவுனில் அவர்களோடு உட்கார்ந்து டிம் சம் சாப்பிட்டு, பேத்தியை மடியைவிட்டு இறக்காமல் வைத்திருந்து, அழ வேண்டியதையெல்லாம் அழுது முடித்துவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு லீவு கிடையாது.

அவள் புருஷன் யாவ் சிங் ஃபாட் வரவில்லை. அறுபத்தாறு வயது, குழாய் வேலை பார்த்தவர், முழங்கால் இரண்டும் போய்விட்டது. மகனுக்கென்று வீட்டுக்கு மேல் ஒரு மாடி எடுத்து, ஒவ்வொரு குழாயையும் தன் கையால் முடுக்கி வைத்திருந்தார். ஐந்து மாதத்துக்கு முன் மகன் விஷயத்தைச் சொன்னபோது, “போறவன் போகட்டும். எனக்குச் சொல்ல வேண்டாம்,” என்றார். அன்றிலிருந்து மகனுடைய போனை எடுக்கவில்லை. சனிக்கிழமை டிம் சம்முக்குக் கூப்பிட்டதற்கு, டிவியின் சத்தத்தைக் கூட்டி வைத்தார்.

ஞாயிறு பதினொன்றே காலுக்கு அவரிடமிருந்து போன் வந்தது. அதிகாலையில் ஏறின மலைக்காரர்கள் அதற்குள் இறங்கி வந்து வரிசை நீண்டிருந்தது. எழுபது பேர் இருப்பார்கள்.

“ஏ குவான். வண்டி நிக்காமப் போகுது. மூணு வண்டி.”

“எங்கய்யா போற நீ? இன்னைக்கு மீன்கூட வாங்க வேண்டாம்னேனே.”

மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

“ஏர்போர்ட்டுக்கு,” என்றார்.

குவானுக்குக் கோபம் வந்தது. “யோவ் கிழவா! நேத்து அறிவு வந்திருக்கக் கூடாதா உனக்கு? டாக்ஸி கூப்பிட்டியா?”

“ஞாயித்துக்கிழம அந்த ரோட்டுக்கா, வேற ஆளப் பாருங்கன்னு மூணு பேரும் போன வெச்சுட்டானுங்க.”

அவள் போனை வைத்துவிட்டு மகனைக் கூப்பிட்டாள். “உங்கப்பன் வர்றான்டா,” என்றாள். சுன் ஹே குரல் உடைந்து, “ரெண்டு மணி வரைக்கும் வாசல்லயே நிப்பேம்மா. அதுக்கு மேல விட மாட்டாங்க. உள்ள காகிதம் பாக்குறதுக்கே பெரிய க்யூ,” என்றான்.

ரெண்டு மணி. குவான் மனசுக்குள் கணக்குப் போட்டாள். இங்கிருந்து டவுனுக்கு அரை மணி. அங்கிருந்து ஏர்போர்ட் பஸ் ஒன்றேகால் மணி, காத்திருப்பதோடு சேர்த்து. பன்னிரண்டு மணி வண்டியில் புறப்பட்டால் ஓட்டமும் நடையுமாகப் போய்ச் சேரலாம். அதற்கடுத்தது என்றால் முடிந்தது கதை.

அவள் புருஷனைத் திரும்பக் கூப்பிட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாள். “மேல வர்ற வண்டியில ஏறி உக்காரு. இங்க வா. நான் பாத்துக்கறேன்.”

“திரும்பு வண்டியா? நீதானே அத...”

“ஏறுய்யா!”

பதினொன்று நாற்பதுக்கு வண்டி வளைவில் திரும்பியது. டிரைவர் ஹங் சாய். ஜன்னலோரம் யாவ், மகன் கல்யாணத்துக்குத் தைத்த கோட்டில், நெஞ்சின்மேல் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தலைமுடியைத் தண்ணீர் தொட்டுப் படிய வாரியிருந்தார். குவானுக்கு அதைப் பார்த்ததும் என்னவோ செய்தது. வண்டி நின்றது, கதவு திறந்தது, அவள் விசிலை ஊதினாள். ஆறு மாதமாக, நாளுக்கு முப்பது தடவை சொல்லிப் பழகின வாய் தானாகத் திறந்தது.

“எல்லாரும் இறங்குங்க! திரும்பிப் போறவங்க கடைசியில போய் நில்லுங்க!”

சொல்லி முடித்த பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்பதே அவளுக்கு உறைத்தது.

யாவ் ஜன்னல் வழியாக அவளைப் பார்த்தார். முன் சீட்டைப் பிடித்து எழுந்து, ஒவ்வொரு படியாக முழங்காலை மடக்கி இறங்கி, வரிசையின் கடைசியைப் பார்த்து நடக்க ஆரம்பித்தார். பெண்டாட்டி ஏதோ காரணத்தோடுதான் சொல்கிறாள் என்று நினைத்தாரோ என்னவோ.

ஹங் சாய் ஸ்டியரிங்கில் சாய்ந்துகொண்டு அவளை வேற்றுக்கிரக ஜந்துவைப் பார்க்கிற மாதிரி பார்த்தான். “அக்கா, உங்களுக்கு மூளை கீளை கலங்கிடுச்சா? அண்ணன் ஏர்போர்ட் போறாருன்னு வழியெல்லாம் சொல்லிட்டு வந்தாரு. நானே ஓரமா உக்கார வெச்சிருந்தேன்.”

“நீ வண்டியப் பாருடா.”

“இப்பவும் ஒண்ணும் கெட்டுப்போகல. கூப்பிடுங்க, ஏறட்டும்.”

எழுபது பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வரிசையின் முதல் ஆள் வாட்டசாட்டமான ஒருத்தன், ஐம்பது வயசிருக்கும், இரண்டு கையிலும் நடைக்கம்பு. அவனுக்குத் தலைக்குமேல் அந்த அட்டை தொங்கியது, யாருக்கும் விலக்கில்லை என்று. பின்னால் எவளோ போனை உயர்த்திப் பிடித்திருந்தாள். கடலைத்தான் எடுத்தாளோ என்னவோ. குவான் பத்தொன்பது தலையை எண்ணி ஏற்றினாள். கம்புக்காரன் தன் கூட்டாளிகள் கழிப்பறையிலிருந்து வரட்டும் என்று பின்னால் இருந்தவர்களை முன்னே விட்டு நின்றுகொண்டான். வண்டி போய்விட்டது.

சரி, பன்னிரண்டு மணி வண்டிக்குக் கேட்டுவிடலாம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். இருபது நிமிடம் இருக்கிறது. வாயைத் திறந்து, ‘என் வீட்டுக்காரர், மகனை வழியனுப்பப் போகணும், ஒரு சீட்டு விடுங்க’ என்று சொல்ல அரை நிமிடம் ஆகாது. ஸ்டூலைவிட்டு எழுந்து கம்புக்காரனிடம் போனாள்.

அவன் பூட்ஸைக் கழற்றிப் போட்டுவிட்டு மதில்மேல் உட்கார்ந்திருந்தான். ஈரக் காலுறை இரண்டையும் கம்புகளின் நுனியில் மாட்டி வெயிலில் காய வைத்திருந்தான். அந்த நாற்றம் குடைவரைக்கும் அடித்தது. கால்விரல் இடுக்கை ஒரு விரலால் துழாவிவிட்டு, அதே கையால் பையிலிருந்து அவித்த முட்டை ஒன்றை எடுத்து, மதிலில் தட்டி உரித்து, முழுசாக வாய்க்குள் தள்ளினான். ஓடு குவானின் காலடியில் விழுந்தது.

“என்ன அக்கா?” என்றான், வாய் நிறைய மஞ்சள் கருவோடு.

இவனிடமா? இந்தக் கருமம் பிடித்தவனிடமா தான் போய்க் கைநீட்டுவது? ஒரு வருஷமாகக் குப்பையை எடு, காலைக் கழுவாதே, தள்ளி நில் என்று நாயை விரட்டுகிற மாதிரி விரட்டின கூட்டத்திடம், ஐயா தர்மம் என்று நிற்பதா? இவன் பல்லைக் காட்டிக்கொண்டு, “சட்டம் உங்களோடதுதானே அக்கா,” என்று சொன்னால் தன் முகத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது?

“ஓட்ட எடு,” என்றாள்.

அவன் எடுத்தான். அவள் திரும்பி வந்து உட்கார்ந்தாள். கடைசியில் யாவ் நின்றுகொண்டிருந்தார்; முழங்காலுக்கு ஓய்வு கொடுக்க ஒரு கால் மாற்றி ஒரு காலில். அவள் ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு போய் அவருக்குப் போட்டாள். அவர் உட்காரவில்லை.

“எத்தன வண்டி ஆகும்?” என்று கேட்டார்.

“பாத்துக்கறேன்னு சொன்னேன்ல.”

பன்னிரண்டு மணி வண்டி வந்தது. அவள் விசிலை வாயில் வைத்தாள், எடுத்தாள். கம்புக்காரனின் கூட்டாளிகளில் இரண்டு பேர் இன்னும் கழிப்பறையில் தொட்டியை நாறடித்துக்கொண்டிருந்தார்கள் போல. அவன் மறுபடியும் பின்னால் நின்றவர்களைப் போகச் சொன்னான். ஒவ்வொரு தலை ஏறும்போதும், இதோ இந்த ஆளை நிறுத்திக் கேட்டுவிடுவேன், இதோ இவளை, என்று குவான் நினைத்தாள். வியர்வையும் சாணியும் பூச்சி மருந்தும் கலந்த வாடை அவளைத் தாண்டித் தாண்டி உள்ளே போனது. பதினேழு. பதினெட்டு. பத்தொன்பது. கதவு மூடிக்கொண்டது.

அடுத்த வண்டி வரும் நேரத்தில் யாவ் வரிசையைவிட்டு விலகி அவளிடம் மெதுவாக நடந்து வந்தார். இன்னும் அவருக்கு முன்னால் முப்பது பேருக்கு மேல் இருந்தார்கள்.

“விடு குவான். நான் ஊருக்கு நடந்து போறேன். அவன் நல்லபடியாப் போகட்டும்.”

“ஊருக்கு எப்படிய்யா நடப்ப, இந்த முழங்காலோட?”

“இறக்கம்தானே,” என்றார். கோட்டின் மேல் பட்டனை அவிழ்த்துக்கொண்டிருந்தார். அந்த விரல்கள் அதைச் செய்ததைத்தான் அவளால் பார்க்க முடியவில்லை.

குவான் விறுவிறுவென்று போய்க் கம்புக்காரன் முன்னால் நின்றாள். தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். “தம்பி. அந்தா நிக்கிறது என் வீட்டுக்காரரு. எங்க பையன் இன்னைக்கு ஊரவிட்டே போறான். ரெண்டு மணிக்குள்ள ஏர்போர்ட் போகணும். ஒரு சீட்டு...” அதற்கு மேல் வரவில்லை.

“அடக் கடவுளே!” என்று அவன் மதிலிலிருந்து குதித்தான், வெறுங்காலோடு. “இதுக்கா அக்கா இவ்வளவு நேரம்? அவரு வந்து நாற்பது நிமிஷம் ஆகுதே! என் சீட்ட எடுத்துக்கோங்க, நான் அடுத்ததுல வர்றேன்.” வரிசையைப் பார்த்துத் திரும்பிக் கத்தினான். “பெரியவரு மகன வழியனுப்பப் போறாரு! முதல்ல ஏறட்டும், யாருக்காவது ஆட்சேபணையா?”

ஒருத்தருக்கும் இல்லை. “போங்க அங்கிள், போங்க,” என்றது வரிசை. “என் தங்கச்சியும் போன மாசம் போயிட்டா,” என்று சொல்லிக்கொண்டே ஒருத்தி தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். பன்னிரண்டு இருபது வண்டி வந்து நின்றது. சேறு பிடித்த கைகள் யாவின் முதுகில் தட்டின. கம்புக்காரன் அந்தக் கால் துழாவின கையால் அவர் முழங்கையைத் தாங்கிப் பிடித்து, படியேற்றி, பெல்ட்டையும் மாட்டிவிட்டான். குவான் அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அந்தக் கையைப் பார்க்க இன்னமும் அவளுக்கு அருவருப்பாகத்தான் இருந்தது. அதுதான் அவளுக்கே தாங்கவில்லை.

“முதல்லயே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா முதல் வண்டியிலயே ஏத்தியிருப்போமே,” என்றான் அவன், வண்டி கிளம்பிய பிறகு. குத்திக்காட்டிச் சொல்லவில்லை. நிஜமாகவே வருத்தப்பட்டான். அது குத்தலைவிட மோசமாக இருந்தது. அப்போது மணி பன்னிரண்டு இருபத்தொன்று.

அதற்கப்புறம் அவள் எத்தனை வண்டி அனுப்பினாள், யாரை என்ன திட்டினாள் என்று அவளுக்கே தெரியாது. ரெண்டு மணிக்குப் போனைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டாள். ரெண்டு பதினாலுக்கு அது அதிர்ந்தது.

“உள்ள போயிட்டாங்க,” என்றார் யாவ். பின்னால் ஏர்போர்ட்டின் ஒலிபெருக்கிச் சத்தம் கேட்டது, யாரோ குழந்தை அழுதது. “பத்து நிமிஷத்துல தவறிடுச்சு. நான் மேல வரதுக்குள்ள கதவத் தாண்டிட்டாங்க. நின்னு நின்னு பாத்தானாம்.”

“பேசினியா?”

“போன்ல பேசினேன். அழுதான். சின்னது, தாத்தா ஏன் வரலன்னு கேட்டுச்சு.” அவர் மூச்சு வாங்கிக்கொண்டார். “அந்தக் கம்புக்காரன் நல்லவன். கேட்டதும் விட்டான்.”

குவான் போனைக் காதோடு அழுத்திப் பிடித்தாள்.

“நான் இறங்கினப்பவே நீ கேப்பன்னு நெனச்சேன். அப்புறம் ரெண்டாவது வண்டிக்குக் கேப்பன்னு நெனச்சேன். ஏண்டி கேக்கல?”

பொய் சொல்ல எவ்வளவோ இருந்தது. கம்பெனி ரூல் என்று சொல்லலாம், கூட்டம் விடாது என்று பயந்தேன் என்று சொல்லலாம். அவளுக்கு அதெல்லாம் வாயில் வரவில்லை.

“அவங்ககிட்டப் போய்க் கேக்க அருவருப்பா இருந்துச்சுய்யா.”

அந்தப் பக்கத்தில் ஒலிபெருக்கி ஏதேதோ ஊர்ப் பெயர்களைச் சொல்லிக்கொண்டிருந்தது.

“உன் அருவருப்புக்கு நானும் எம் புள்ளையும்தானா கெடச்சோம்?” என்றார் யாவ். சத்தம் போட்டுக்கூடச் சொல்லவில்லை.

“மத்தியானம் ஏதாவது சாப்பிட்டியா?” என்று கேட்டாள். அவர் போனை வைத்துவிட்டார்.